உண்ணிக்குள் இருக்கும் பாக்டீரியா யாருடையது?

சிட்னியில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டது, சுருக்கமாக: "எகிட்னா என்ற முள் விலங்கின் உண்ணிகளில் பொரேலியா பாக்டீரியா கண்டுபிடித்ததாகப் படித்தேன். லைம் நோயைத் தருவதும் பொரேலியாதானே? அப்படியானால் ஆஸ்திரேலியாவில் லைம் நோய் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? காட்டு விலங்கின் உண்ணிக்குள் இருப்பது இன்ன பாக்டீரியா என்று எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்? என்னைக் கடித்த உண்ணியை லேபுக்கு அனுப்பினால் எனக்கு என்ன வரும் என்று தெரிந்துவிடுமா?"

லைம் நோய் என்பது உண்ணி கடித்துப் பரவும் ஒரு பாக்டீரியா நோய். அதைப் பற்றிய கேள்விக்குப் பதில், அப்படி அர்த்தமில்லை. கடைசிக் கேள்விக்கும் கிட்டத்தட்ட அதே பதில்தான். "எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்" என்ற நடுக்கேள்வியைத்தான் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அது புரிந்தால் மற்றவை தானாகப் புரியும்.

உண்ணியிலிருந்து பாக்டீரியாவின் டிஎன்ஏவை எடுப்பது இன்றைக்குப் பெரிய வித்தை இல்லை. கிட் வாங்கலாம், அதோடு வரும் செய்முறைத் தாளைப் பார்த்துச் செய்யலாம். தலைவலி அதற்கு அப்புறம்தான். கிடைத்த டிஎன்ஏ யாருடையது? உண்ணியின் உடம்பிலேயே காலங்காலமாகக் குடியிருக்கும் பாக்டீரியாவுடையதா? நேற்று குடித்த இரத்தத்தோடு உள்ளே போனதா? விலங்கின் தோலில் இருந்த மண்ணிலிருந்து ஒட்டிக்கொண்டதா? அல்லது அந்தக் கிட்டுக்குள்ளேயே இருந்ததா? நாலுக்கும் வாய்ப்பு உண்டு. செய்தித்தாள் தலைப்பு மட்டும் நாலுக்கும் ஒன்றுதான்: "உண்ணியில் ஆபத்தான பாக்டீரியா."

முதலில் உண்ணியைப் பார்ப்போம். எகிட்னா முட்டையிடும் பாலூட்டி. முதுகு முழுக்க முள். சாலையில் அடிபட்டு விலங்கு மருத்துவமனைக்கு வரும் எகிட்னாக்களின் முட்களுக்கு நடுவே தோலைக் கவ்விக்கொண்டு உண்ணிகள் இருக்கும். அவற்றை இடுக்கியால் எடுத்து எத்தனால் ஊற்றிய சின்னக் குப்பியில் போடுவார்கள். கூடவே ஒரு துண்டுக் காகிதத்தையும் உள்ளே போட வேண்டும்: எந்த விலங்கு, எந்த இடம், என்ன தேதி. எழுதுவது பென்சிலால். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்; ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் நீலத் தண்ணீரில் முகவரியில்லாத உண்ணி ஒன்று மிதக்கும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத உண்ணியால் ஒரு பயனும் இல்லை.

அடுத்து, அது எந்த உண்ணி? பலரும் வேகமாகக் கடந்துபோகும் கட்டம் இது. நுண்ணோக்கியின் கீழ் மல்லாக்கப் போட்டுப் பார்த்தால், ஐக்சோடெஸ் பேரினத்து உண்ணிகளில் மலத்துளைக்கு முன்பக்கமாக ஒரு பள்ளம் வளைந்து போகும். கிழக்கு ஆஸ்திரேலியக் கடற்கரையில் நாய்களையும் மனிதர்களையும் கடிக்கும் முடக்க உண்ணியில், அதாவது ஐக்சோடெஸ் ஹோலோசைக்ளஸில், அந்தப் பள்ளம் மலத்துளையை முழுவதுமாகச் சுற்றி மூடிய வளையமாகிவிடும். வளர்ந்த பெண் உண்ணியின் முதல் ஜோடிக் காலும் கடைசி ஜோடிக் காலும் கருமையாகவும் நடு இரண்டு ஜோடிகள் வெளிறியும் இருக்கும். இதெல்லாம் பெரிய உண்ணிக்குச் சரி. ஆறே காலுள்ள லார்வாவிலோ, அதற்கு அடுத்த பருவமான கடுகளவு நிம்ஃபிலோ கண்ணை நம்பினால் ஏமாறத்தான் வேண்டும். அங்கே உண்ணியின் மைட்டோகாண்ட்ரியா மரபணு ஒன்றையும் படித்து உறுதி செய்துகொள்வார்கள். எகிட்னாவின் மேல் பெரும்பாலும் இருப்பது போத்ரியோக்ரோட்டன் கன்கலர் என்ற வேறொரு உண்ணி. எகிட்னாவையே நம்பி வாழ்வது. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கேள்விக்கு இது ரொம்ப முக்கியம்.

இடையில் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் மழைக்காலச் செய்திகளில் உண்ணிக் காய்ச்சல் என்று வருகிற ஸ்க்ரப் டைபஸ் வேறு சமாசாரம். அதைப் பரப்புவது கண்ணுக்கே தெரியாத அளவுள்ள ஒரு சிற்றுயிரியின் லார்வா. இங்கே பேசுவது நாய், மாடு, காட்டு விலங்குகள் மேல் ஒட்டிக்கிடக்கும் அசல் உண்ணியைப் பற்றி.

சரி, ஆய்வகத்துக்கு வருவோம். உண்ணியின் வெளிப்புறத்தை முதலில் கழுவ வேண்டும். எத்தனாலில் அலசினால் மட்டும் போதாது. எத்தனால் பாக்டீரியாவைக் கொல்லும், டிஎன்ஏவை அழிக்காது. நீர்த்த ப்ளீச்சில் கொஞ்ச நேரம் போட்டு, பிறகு சுத்தமான நீரில் அலசி எடுத்தால்தான் மேலே ஒட்டியிருக்கும் மண், ரோமம், சாணம் எல்லாவற்றின் டிஎன்ஏவும் பெருமளவு போகும். அதன் பிறகு பிளேடால் நீளவாக்கில் இரண்டாக வெட்டி, ஒரு பாதியைப் பிற்காலச் சோதனைக்கு உறைநிலையில் வைத்துவிட்டு, மறுபாதியை அரைப்பது நல்ல பழக்கம். உண்ணியின் மேலோடு கைட்டின், லேசில் உடையாது. திரவ நைட்ரஜனில் உறையவைத்தோ, சிறு எஃகு மணிகளோடு குலுக்கியோ பொடியாக்குவார்கள். வயிறு முட்டக் குடித்த உண்ணி என்றால் இன்னொரு தொல்லை உண்டு. இரத்தத்தில் உள்ள ஹீம் என்ற பொருள், டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கும் பிசிஆர் வினையையே தடுத்துவிடும். "பாக்டீரியா இல்லை" என்று முடிவு வரும். உண்மையில் சோதனைதான் வேலை செய்திருக்காது.

பிறகு 16எஸ் மரபணு. எல்லாப் பாக்டீரியாவிலும் இருக்கும் மரபணு இது, சுமார் 1,500 எழுத்து நீளம். சில பகுதிகள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கும்; அங்கே பிசிஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டான பிரைமரைப் பொருத்தலாம். நடுவில் ஒன்பது பகுதிகள் இனத்துக்கு இனம் மாறும். அவற்றைப் படித்து ஆளைக் கண்டுபிடிக்கலாம். முன்கூட்டியே இன்னதைத் தேடுகிறோம் என்று முடிவு செய்யாமல், உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று மொத்தமாகக் கேட்க முடிவதுதான் இதன் பலம். பொரேலியாவுக்கான சோதனையை மட்டும் செய்தால் பொரேலியா உண்டு, இல்லை என்று மட்டுமே தெரியும். பக்கத்தில் நிற்கும் புதிய ஆள் கண்ணில் படவே மாட்டார்.

ஆனால் உண்ணியிடம் இந்த முறை ஒரு இடத்தில் மாட்டிக்கொள்கிறது. உண்ணி வாழ்நாள் முழுக்க இரத்தத்தை மட்டும் குடித்து வாழும் பிராணி. இரத்தத்தில் பி வைட்டமின்கள் போதாது. அதனால் பல உண்ணிகள் வைட்டமின் தயாரித்துத் தரும் பாக்டீரியாக்களைத் தங்கள் செல்லுக்குள்ளேயே வளர்க்கின்றன. முட்டை வழியாகப் பிள்ளைகளுக்கும் கொடுக்கின்றன. காக்சியெல்லா போன்றவை, ஃப்ரான்சிசெல்லா போன்றவை, சில ரிக்கெட்சியாக்கள் இப்படி வாழ்பவை. முட்டை வழியாகவே இறங்கிவரும் இன்னொரு குடித்தனக்காரர் ஐக்சோடெஸ் உண்ணிகளில் காணப்படும் மிடிக்ளோரியா. ஐரோப்பிய உண்ணியில் அது முட்டைப்பை செல்களின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே போய் உட்கார்ந்திருக்கிறது! ஆஸ்திரேலிய முடக்க உண்ணியிலும் இந்த மிடிக்ளோரியா ஏராளம். 16எஸ் வரிசைகளை எண்ணிப் பார்த்தால் பெரும்பங்கு இதுவாகவே இருக்கும். திருவிழாவில் ஒலிபெருக்கிக்குக் கீழே நின்றுகொண்டு பக்கத்து ஆள் காதோடு சொல்வதைக் கேட்க முயல்வது மாதிரிதான் இருக்கும், அதற்கு நடுவில் அரிதான ஒரு நோய்க்கிருமியைத் தேடுவது.

பெர்த்தில் உள்ள மர்டாக் பல்கலைக்கழகக் குழு 2015-இல் இதற்கு ஒரு வழி செய்தது. மிடிக்ளோரியாவின் வரிசையில் மட்டும் போய் ஒட்டிக்கொண்டு அது பெருகாமல் தடுக்கும் ஒரு தடுப்பு பிரைமரை வினையில் சேர்த்தார்கள். மிடிக்ளோரியா அடங்கியதும் அதுவரை மறைந்திருந்தவை மேலே வந்தன. முடக்க உண்ணிகளில் நியோஎர்லிக்கியா பேரினத்தைச் சேர்ந்த புதிய பாக்டீரியாக்கள் இருந்தன. அவற்றில் இரண்டுக்கு 2016-இல் ஆஸ்ட்ராலிஸ், ஆர்கானா என்று தற்காலிகப் பெயர் வைத்தார்கள். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குக் காய்ச்சல் தரும் நியோஎர்லிக்கியா மிகுரென்சிஸுக்கு இவை உறவு. அப்புறம், எகிட்னா ஒன்றிலிருந்து எடுத்த ஒரே ஒரு முடக்க உண்ணியில், பொரேலியா. ஆனால் லைம் நோய் தரும் பொரேலியா பர்க்டார்ஃபெரி கூட்டத்தைச் சேர்ந்த எதுவும் அந்த ஆஸ்திரேலிய உண்ணிகளில் இல்லை.

அந்த ஒற்றை உண்ணியை வைத்துத் தலைப்புச் செய்தி எழுதியிருக்கலாம். குழு செய்தது வேறு. எகிட்னாவோடு அதிகம் வாழும் உண்ணியைத் தேடிப் போனார்கள். 2016-இல் போத்ரியோக்ரோட்டன் கன்கலர் உண்ணிகளைச் சோதித்தபோது, கணிசமானவற்றில் அதே பொரேலியா கிடைத்தது. அப்படியானால் முடக்க உண்ணியில் முதலில் கண்டது என்ன? அந்த உண்ணி எகிட்னாவின் இரத்தத்தைக் குடித்திருந்தது. அதே எகிட்னாவின் மேல் கன்கலர் உண்ணிகளும் இருந்திருக்கலாம். எகிட்னாவின் இரத்தத்தோடு சேர்ந்து பொரேலியாவும் வயிற்றுக்குள் போயிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. முடக்க உண்ணி அந்தப் பாக்டீரியாவைச் சுமந்து பரப்புகிறது என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். காட்டு விலங்கின் உண்ணி ஆய்வுகளில் அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். விலங்கின் மேலிருந்து பிடுங்கிய உண்ணி ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்த உண்ணி. அதற்குள் இருப்பதில் ஒரு பங்கு விலங்குடையது. இதற்கு மாறாக, புல்லின் மேல் வெள்ளைத் துணியை இழுத்துக்கொண்டு போய்ப் பிடிக்கும் உண்ணி பசியோடு காத்திருப்பது. அது நிம்ஃப் என்றால், லார்வாவாக இருந்தபோது ஒரு விலங்கைக் குடித்து, செரித்து, தோல் உரித்து வந்திருக்கிறது. அத்தனையையும் தாண்டி ஒரு பாக்டீரியா அதற்குள் உயிரோடு இருந்தால், உண்ணிக்கும் அந்தப் பாக்டீரியாவுக்கும் நிஜமான உறவு இருக்கிறது என்று அர்த்தம். ஒரு ஆய்வைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான்: உண்ணி எங்கே பிடிபட்டது, விலங்கின் மேலா, துணியிலா? சதவீதக் கணக்கெல்லாம் அப்புறம்.

விலங்குக்கும் பாக்டீரியாவுக்கும் உள்ள உறவும் நேர்கோடு அல்ல. அமெரிக்காவில் வளர்ந்த மான் உண்ணிகள் மானின் மேல்தான் கொழுக்கின்றன, ஆனால் மான் லைம் பாக்டீரியாவை உண்ணிக்குக் கொடுப்பதில்லை. கொடுப்பது வெள்ளைக்கால் சுண்டெலி. கலிஃபோர்னியாவின் வேலி ஓணானிடம் கதை இன்னும் விசித்திரம். அதன் இரத்தத்தில் உள்ள புரதங்கள் உண்ணியின் வயிற்றுக்குள்ளேயே பொரேலியாவைக் கொன்றுவிடும் என்று 1998-இல் காட்டினார்கள். ஓணானைக் குடித்த உண்ணி சுத்தமாகி வெளியே வருகிறது!

இப்போது கிட் விஷயம். டிஎன்ஏ பிரிக்கும் கிட்டிலும், பிசிஆர் கலவையிலும், தண்ணீரிலும் மிகக் குறைந்த அளவில் பாக்டீரியா டிஎன்ஏ எப்போதும் உண்டு. 2014-இல் வெளியான ஒரு ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பிராடிரைசோபியம், ரால்ஸ்டோனியா மாதிரி மண்ணிலும் நீரிலும் வாழும் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். ஒரு மாட்டுச்சாண மாதிரியில் அது பிரச்சினையே இல்லை. உள்ளே கோடிக்கணக்கில் அசல் பாக்டீரியா இருப்பதால் அழுக்கு மறைந்துபோகும். கடுகளவு நிம்ஃபிலோ கிட்டின் அழுக்கே மாதிரியை விடப் பெரிதாகிவிடும். அதனால் உண்ணி எதுவும் போடாத வெற்றுக் குழாயையும் மற்ற உண்ணிகளோடு சேர்த்து ஆரம்பத்திலிருந்து கடைசி வரை அதே மாதிரி நடத்திச் செல்ல வேண்டும். வெற்றுக் குழாயில் வந்தது உண்ணியிலும் வந்தால் அதை நம்பக் கூடாது. வெற்றுக் குழாய் பற்றி ஒரு வரிகூட இல்லாத ஆய்வுக் கட்டுரையில் "உண்ணியில் 40 வகைப் பாக்டீரியா" என்று இருந்தால், அதில் எத்தனை உண்ணியுடையது என்று எழுதியவருக்கே தெரியாது என்பது என் அபிப்பிராயம்.

அடுத்து, பெயர் வைப்பது. வரிசை வந்ததும் அதைப் பொதுத் தரவுத்தளத்தில் ஒப்பிட்டால் "இன்னதோடு 98 சதவீதம் ஒத்துப்போகிறது" என்று திரையில் வரும். பலர் அந்தப் பெயரை அப்படியே எழுதிவிடுகிறார்கள். சில நூறு எழுத்துகள் மட்டுமே படித்த 16எஸ் துண்டு, பேரினம் வரைக்கும்தான் நம்பகமாகச் சொல்லும். ரிக்கெட்சியாவில் இது இன்னும் மோசம். கடுமையான காய்ச்சல் தரும் ரிக்கெட்சியாவும், உண்ணியில் சாதுவாக வாழும் ரிக்கெட்சியாவும் 16எஸ்ஸில் கிட்டத்தட்ட ஒன்றே. அதனால் 2003-இலேயே பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்க்கும் அளவுகோல் ஒன்று வந்தது. சிட்ரேட் சிந்தேஸ் மரபணுவில் 99.9 சதவீதத்துக்குக் கீழே ஒற்றுமை இருந்தால்தான் புதிய இனம் என்று பேச்சே எடுக்கலாம். வெளிச்சவ்வுப் புரத மரபணுக்களுக்கும் தனித்தனி எல்லைகள் உண்டு. எவ்வளவு நெருக்கமான எல்லை என்று பாருங்கள். ஆயிரம் எழுத்தில் ஓர் எழுத்து மாறினாலே பேச்சு மாறுகிறது.

இதைவிடப் பொல்லாத பொறி கியூ காய்ச்சல் கிருமியிடம் உண்டு. அந்தக் கிருமி ஆஸ்திரேலியக் கதையேதான். 1930-களில் பிரிஸ்பேனின் இறைச்சிக் கூடத் தொழிலாளர்களுக்கு வந்த புரியாத காய்ச்சலை எட்வர்ட் டெரிக் 1937-இல் தனி நோயாக விவரித்தார். பிறகு காட்டில் தேடியபோது பாண்டிகூட்டிலும் அதன் மேலிருந்த ஹீமாஃபிசாலிஸ் ஹ்யூமரோசா உண்ணியிலும் அதே கிருமி இருந்தது. பாண்டிகூட் என்றதும் நம் பெருச்சாளியை நினைக்க வேண்டாம்; இது கங்காரு மாதிரி பையுள்ள பிராணி. அதே காலத்தில் அமெரிக்காவின் மொன்டானாவில் உண்ணிகளைச் சோதித்தவர்கள் தனியாக அதே கிருமியைக் கண்டிருந்தார்கள். கிருமியை ஆராய்ந்த ஆஸ்திரேலியர் பர்னெட், மொன்டானாவின் காக்ஸ் இருவர் பெயரையும் சேர்த்து இன்று காக்சியெல்லா பர்னெட்டி என்கிறோம். இந்தக் கிருமியைத் தேட ஐஎஸ்1111 என்ற டிஎன்ஏ துண்டைப் பயன்படுத்துவது வழக்கம். ஒரு செல்லிலேயே அது பல பிரதிகளாக இருப்பதால் சோதனை மிகக் கூர்மையானது. சிக்கல் என்னவென்றால், உண்ணிக்கு வைட்டமின் தரும் சாதுவான காக்சியெல்லா உறவுகளிலும் அதே துண்டு பரவலாக இருக்கிறது என்று 2015-இல் தெரியவந்தது. அதற்கு முன்பு அந்த ஒரே சோதனையை நம்பி "இந்த ஊர் உண்ணிகளில் கியூ காய்ச்சல்" என்று எழுதிய ஆய்வுகளையெல்லாம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டியிருக்கிறது.

எகிட்னா பொரேலியாவுக்குத் திரும்புவோம். பொரேலியா பேரினத்தில் இரண்டு பெரிய கூட்டம்: லைம் நோய்க் கூட்டம் ஒன்று, விட்டுவிட்டு வரும் காய்ச்சலைத் தரும் கூட்டம் இன்னொன்று. ஊர்வனவற்றில் வாழும் சிறு கூட்டமும் உண்டு. 16எஸ்ஸோடு நிறுத்தாமல், பாக்டீரியா நீந்த உதவும் வாலான கசையிழையின் மரபணு உள்ளிட்ட வேறு மரபணுக்களையும் படித்துக் குடும்ப மரம் வரைந்தபோது, எகிட்னாவுடையது லைம் கூட்டத்துக்குள் விழவில்லை. விட்டுவிட்டு வரும் காய்ச்சல் கூட்டத்துக்கும் ஊர்வனக் கூட்டத்துக்கும் அருகில், தனிக் கிளையாக நின்றது. 2017-இல் பொரேலியா டாகிக்ளாசி என்று பெயரிட்டார்கள். முன்னால் கேண்டிடேட்டஸ் என்ற ஒட்டு உண்டு. பாக்டீரியாவைத் தனியாக வளர்த்துக் காட்டாமல் மரபணுவை வைத்து மட்டும் பெயரிடும்போது அந்த ஒட்டைப் போடுவது முறை. ஆக, "லைம் கிருமியின் பேரினத்தைச் சேர்ந்தது" என்பது உண்மைதான். அதனால் லைம் கிருமி ஆகிவிடாது. பூனையும் புலியும் ஒரே குடும்பம் என்பதால் வீட்டுப் பூனைக்குக் கூண்டு கட்டுவோமா?

ஆஸ்திரேலியாவில் லைம் கிருமியைத் தேடாமலும் இல்லை. ரிச்சர்ட் ரஸ்ஸல் குழு 1994-இல் வெளியிட்ட ஆய்வில் சுமார் 12,000 உண்ணிகளைச் சோதித்திருந்தார்கள்; பெரும்பாலானவை முடக்க உண்ணிகள். பொரேலியா கிடைக்கவில்லை. அதில் ஒரு வேடிக்கை உண்டு. உண்ணிக் குடலை வளர்ப்பு ஊடகத்தில் போட்டு வைத்தபோது சிலவற்றில் சுருள் சுருளாக ஏதோ தெரிந்தது. லைம் பாக்டீரியாவும் சுருள்தான். உற்றுப் பார்த்தபோது அவை வேறு சாதாரணப் பாக்டீரியாக்களின் கசையிழைகள் உதிர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட கற்றைகள் என்று முடிவுக்கு வந்தார்கள். நுண்ணோக்கியில் சுருளைக் கண்டதோடு நிறுத்தியிருந்தால் நாட்டின் வரலாறே மாறியிருக்கும். அதற்கு முன்பே 1991-இல் வெளியான வேறொரு ஆய்வில், அமெரிக்க பொரேலியாவை முடக்க உண்ணிக்குக் கொடுத்து, அதனால் பரப்ப முடிகிறதா என்றும் பார்த்திருந்தார்கள். முடியவில்லை.

குற்றச்சாட்டை முழுதாக நிரூபித்தால் எப்படி இருக்கும் என்பதற்கு லைம் நோயே உதாரணம். 1975-ஐ ஒட்டி அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊரைச் சுற்றி நிறையக் குழந்தைகளுக்கு மூட்டு வீங்கியது. 1981-இல் மொன்டானாவில் வில்லி பர்க்டார்ஃபர், நியூயார்க்கின் ஷெல்டர் தீவிலிருந்து வந்த உண்ணிகளை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தேடியது ரிக்கெட்சியா. உண்ணியின் குடலில் கண்டதோ நீளமான சுருள் பாக்டீரியா, அதுவும் பாதிக்கும் மேற்பட்ட உண்ணிகளில். அத்தோடு அவர் நிறுத்தவில்லை. லைம் நோயாளிகளின் சீரத்தை எடுத்து, அதில் உள்ள எதிர்ப்பொருள்கள் இந்தப் பாக்டீரியாவைப் பிடிக்கின்றனவா என்று பார்த்தார், பிடித்தன. பாக்டீரியாவை வளர்த்தார்கள். 1983-இல் நோயாளிகளின் இரத்தத்திலிருந்தே அதைப் பிரித்தெடுத்தார்கள். உண்ணி, பாக்டீரியா, நோயாளி என்ற மூன்று கண்ணியும் அப்படித்தான் சேர்ந்தன.

ஆஸ்திரேலியாவிலும் அப்படிச் சேர்ந்த சங்கிலி உண்டு, அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. டாஸ்மேனியாவுக்கு வடக்கே ஃபிளின்டர்ஸ் தீவில் இருந்த ஒரு மருத்துவர், தன்னிடம் கோடையில் காய்ச்சலும் தடிப்புமாக வருபவர்களைக் கவனித்துக் குறித்துக்கொண்டே வந்து 1991-இல் எழுதினார். நோயாளிகளிடமிருந்து பாக்டீரியாவைப் பிரித்து 1998-இல் ரிக்கெட்சியா ஹோனி என்று பெயரிட்டார்கள். 2003-இல் அது பாம்பு, பல்லி இனங்களின் மேல் வாழும் உண்ணியில் இருப்பது தெரிந்தது. நோயாளியில் தொடங்கி உண்ணியில் போய் முடிந்த ஆய்வு. இன்று நடப்பது பெரும்பாலும் தலைகீழ்: முதலில் உண்ணி, பிறகு டிஎன்ஏ, பிறகு "இதனால் யாருக்காவது நோய் வந்திருக்குமா" என்ற தேடல். தலைகீழாகப் போவதில் தவறில்லை, புதிய பாக்டீரியாக்கள் அப்படித்தான் கிடைக்கின்றன. பாதி வழியில் நின்றுகொண்டு ஊருக்கு அறிவிப்பதுதான் தவறு.

உண்ணி கடித்த பிறகு வருடக்கணக்கில் களைப்பு, உடல்வலி, மறதி என்று அவதிப்படும் ஆஸ்திரேலியர்கள் நிறைய இருக்கிறார்கள். 2016-இல் செனட் குழு இதை விசாரித்தது. அரசு இப்போது அதை உண்ணியால் வருவதாகக் கருதப்படும் முடக்கும் அறிகுறித் தொகுப்பு என்ற நீண்ட பெயரில் குறிப்பிடுகிறது. அவர்களுடைய வேதனை நிஜம், அதில் சந்தேகமில்லை. ஆனால் எகிட்னா பொரேலியாவைக் காட்டி "இதோ உங்கள் லைம்" என்று சொல்வது அவர்களுக்கு உதவி அல்ல. அது எகிட்னாவின் உண்ணியில் வாழ்வது; சிட்னியில் உங்களைக் கடிப்பது பெரும்பாலும் முடக்க உண்ணி. ஆஸ்திரேலியாவில் உறுதியாகக் கண்டறியப்பட்ட லைம் நோயாளிகள் வெளிநாட்டில் தொற்றிக்கொண்டு வந்தவர்கள்.

கடைசியாக, உங்களைக் கடித்த உண்ணியை லேபுக்கு அனுப்பலாமா? காசு செலவாகும், பதில் கிடைக்காது. உண்ணியில் ஒரு பாக்டீரியா இருந்தால் அது உங்களுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இல்லை என்று வந்தாலும், நீங்கள் கவனிக்காத இன்னொரு உண்ணி கடித்திருக்கலாம். மருத்துவர் பார்ப்பது உங்கள் உடம்பை. கிழக்குக் கடற்கரையில் நிஜமாகக் கவலைப்பட வேண்டியது குயின்ஸ்லாந்து டிக் டைபஸ், ரிக்கெட்சியா ஆஸ்ட்ராலிஸ் தருவது: காய்ச்சல், தலைவலி, உடம்பில் தடிப்பு, பல சமயம் கடித்த இடத்தில் கறுப்பாக ஒரு பொருக்கு. அதற்கு டாக்சிசைக்ளின் நன்றாக வேலை செய்யும். எதிர்ப்பொருள் சோதனையில் தெரிய நாளாகும் என்பதால், மருத்துவர் சந்தேகப்பட்டாலே முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கிவிடுவார்.

ஒட்டியிருக்கும் உண்ணியைக் கண்டால் விரலால் பிதுக்காதீர்கள். முடக்க உண்ணியைக் கசக்கினால் அதன் எச்சில் உள்ளே போய் ஒவ்வாமை வரக்கூடும்; சிலருக்கு அது உயிருக்கே ஆபத்து, சிலருக்குப் பிற்பாடு ஆட்டுக்கறி, மாட்டுக்கறி ஒத்துக்கொள்ளாமல் போகிறது. ஆஸ்திரேலியாவில் சொல்லும் முறை, மருந்துக் கடையில் கிடைக்கும் ஈதர் கலந்த உறையவைக்கும் ஸ்ப்ரேயை அதன் மேல் அடித்து, இருக்கும் இடத்திலேயே கொன்று, தானாக விழ விடுவது. கடுகளவு குட்டிகளுக்குப் பெர்மெத்ரின் களிம்பு. ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர் என்றால் மருத்துவமனையில் வைத்து எடுப்பதே நல்லது. கடித்த தேதியையும், எந்த இடத்தில் நடந்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் எங்காவது குறித்து வையுங்கள். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோ தடிப்போ வந்தால் மருத்துவருக்கு லேப் அறிக்கையை விட அந்தக் குறிப்புதான் பயன்படும். விழுந்த உண்ணியை ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் அது எந்த வகை என்று பார்க்கவும் வழியிருக்கும். துண்டுச்சீட்டில் மறக்காமல் பென்சிலால் எழுதுங்கள்.